ஒத்துக்கொள்ளாதது எது?

முகத்தில் பூசிய களிம்பால் முகம் கன்றிச் சிவந்தது. தலைக்குத் தேய்த்த சாயத்தால் நெற்றியும் இமையும் வீங்கின. ஒட்டுப்பொட்டு வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் ஒன்று விழுந்தது. இவற்றுள் எது நேர்ந்தாலும் தமிழர் வீட்டில் பிறக்கும் சொல் ஒன்றே: 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.' செடெனாக்கிலும் கூலாயிலும் ஜொகூர் பாருவிலும் இதுவே வழக்கு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இதுவே. அடுத்த வீட்டு மலாய்ப் பெண்மணியும் 'தா செசுவாய்' என்று இதையே தம் மொழியில் சொல்கிறார். சொன்னவர் அந்தக் குப்பியைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, வேறொரு குப்பி வாங்கப் புறப்படுகிறார். வழக்கு அத்துடன் முடிந்தது. விற்றவரை யாரும் கேட்கவில்லை. செய்தவர் காதுக்குச் செய்தி போகவில்லை. அதே களிம்பு மறுநாள் அதே மேசையில் அடுத்தவருக்காகக் காத்திருக்கிறது.

இச்சொல்லைச் சற்று நிறுத்தி ஆராய்தல் தகும். 'ஒத்துக்கொள்' என்னும் வினைக்கு வழக்கில் இரு பொருள் உண்டு. உடம்புக்கு இசைதல் ஒன்று. செய்த பிழையை ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. 'இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்பது முதற்பொருள். 'திருடியதை ஒத்துக்கொண்டான்' என்பது இரண்டாம் பொருள். ஒப்பனைப் பொருளால் தீங்கு நேர்ந்த இடத்தில் மக்கள் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றனர். செய்தவன் ஒத்துக்கொண்டானா என்னும் இரண்டாம் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. வாக்கியத்தின் எழுவாய் களிம்புதான். ஆயினும் பழி வந்து விழுவதோ 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமையின் மேல்! இலக்கணம் இவ்வாறு வணிகனுக்கு வழக்கறிஞராக வந்து நிற்பது அடிக்கடி காணக்கூடியதன்று.

நோய்நூலில் வழங்கும் 'ஒவ்வாமை' என்னும் சொல்லும் இதற்கு உடன்பிறப்பே. 'அலர்ஜி' என்னும் சொல்லை வியன்னா நகர டாக்டர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906-இல் ஆக்கினார். வேறு, செயல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஒரு பொருளோடு பழகிய உடம்பு, முன்பு எதிர்கொண்டதுபோல் அன்றி வேறுவகையாக எதிர்கொள்ளத் தொடங்குகிறது என்பதே அவர் கருத்து. தமிழில் 'ஒவ்வாமை' ஆனபோது, பழகியபின் வந்த மாற்றம் என்னும் குறிப்பு மறைந்தது. இயல்பிலேயே பொருந்தாமை என்னும் குறிப்பு அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. சொல்லை ஆக்கியோரை இதற்காகக் குறைகூறுவதற்கில்லை. சொல் நல்ல சொல்; வேண்டிய இடத்தில் வேண்டும். வேண்டாத இடத்திலெல்லாம் அதனை ஆள்வதே இங்கு ஆராயத்தக்கது.

ஒப்பனைப் பொருளால் வரும் தீங்கு ஒருவகைப்பட்டதன்று. காரமோ அமிலமோ மிகுந்த பொருள் பட்டுத் தோல் எரிவது ஒன்று. அளவும் நேரமும் மிகுந்தால் இது யார் தோலுக்கும் நேரும். உடம்பின் காப்புப் படை ஒரு பொருளைப் பகையென அடையாளம் கண்டு, அது மீண்டும் வரும்போதெல்லாம் கிளர்ந்தெழுவது மற்றொன்று. இதுவே உண்மையான ஒவ்வாமை. இது சிலருக்கு வரும், பலருக்கு வராது. மூன்றாவது, நஞ்சு. நஞ்சுக்கு ஒவ்வும் உடம்பு, ஒவ்வா உடம்பு என்னும் பாகுபாடு இல்லை. பாம்பு கடித்தவனைப் பார்த்து, 'அவனுக்குப் பாம்பு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எவரும் சொல்வரோ?

ஆயினும் முகக்களிம்பு வகையில் இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. பாதரசத்தை எடுத்துக்கொள்க. மெர்குரஸ் குளோரைடு, அம்மோனியா சேர்ந்த பாதரசம் முதலான உப்புகள், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைத் தடுக்க வல்லவை. மெலனின் பிறப்பதற்கு டைரோசினேஸ் என்னும் நொதி வேண்டும். பாதரசம் அதன் வேலையைக் கெடுக்கிறது. ஆகவே பூசிய சில வாரங்களில் முகம் வெளுப்பது பொய்யன்று. கொடுமையும் அங்கேதான் இருக்கிறது. களிம்பு பலிக்கிறது என்று பூசுபவர் மகிழும் ஒவ்வொரு நாளும் பாதரசம் தோல்வழியே உட்புகுந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. நாளடைவில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, இரத்தத்தில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீரோடு கழிகிறது. சிறுநீர் நுரைக்கும், இமை தடிக்கும், கால் வீங்கும். வீங்கிய காலைப் பார்த்து முகத்தில் பூசிய களிம்பை எவர் ஐயுறுவர்? உப்பைக் குறைக்கச் சொல்வர், நடக்கச் சொல்வர், களிம்பு மட்டும் நாள்தோறும் தவறாமல் பூசப்படும்.

கென்யாவின் தலைநகர் நைரோபியில் இவ்வகைச் சிறுநீரக நோய் கண்ட 60 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று 1972-இல் எழுதினர். அரை நூற்றாண்டு கழிந்தது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் வந்த 22 சிறுநீரக நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் 15 பேருக்கு, பொதுவாக அரிதாகக் காணப்படும் ஒரு புரதத்தின் அடையாளம் இருந்தது. அந்தப் பதினைவருள் 13 பேர் முகம் வெளுக்கக் களிம்பு பூசியவர்கள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர். நைரோபியும் கோட்டக்கல்லும் ஒரே இனத்தார் வாழும் ஊர்கள் அல்ல. ஒரே உணவு உண்பவையும் அல்ல. இரண்டுக்கும் பொதுவாய் இருந்தது குப்பிக்குள் இருந்த பொருளே.

இவ்விடத்தில் பள்ளிக்கூடத்து உவமை ஒன்று பொருந்தும். வகுப்பில் ஒரு மாணவன் தேறாவிட்டால் அவனை அழைத்து விசாரிப்பது முறை. பதினைந்து பேரில் பதின்மூவர் ஒரே வினாவில் தவறினால், வினாத்தாளை எடுத்துப் பார்ப்பதே முறை. ஒப்பனைப் பொருள் வகையிலோ, தவறிய ஒவ்வொருவரும் தனித்தனியே வீட்டில் அமர்ந்து தம்மையே நொந்துகொள்வதால் பதின்மூவர் என்னும் கணக்கு எவர் கைக்கும் வந்து சேர்வதில்லை. கோட்டக்கல்லில் அக்கணக்கு விழுந்தது, நோயாளிகள் அனைவரும் ஒரே மருத்துவமனைக்கு வந்ததாலும், அங்கிருந்தோர் அவர்களிடம் 'முகத்துக்கு என்ன பூசினீர்கள்' என்று கேட்டதாலும் ஆகும்.

இது ஆப்பிரிக்கச் செய்தி, மலையாள நாட்டுச் செய்தி என்று ஜொகூர் வாசகர் ஒதுக்குதற்கில்லை. மலேசியச் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு, அதாவது என்.பி.ஆர்.ஏ., ஒப்பனைப் பொருள்களின் அனுமதியை இரத்துச் செய்து வெளியிடும் அறிக்கைகளில் நான்கு பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன: பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன். பின்னைய மூன்றும் மருத்துவர் கைப்பட எழுதித் தரவேண்டியவை. கடைத்தெருவில் களிம்பென விற்கத்தக்கவை அல்ல. செடெனாக் வட்டாரத்தில் செம்பனை நின்ற நிலத்தில் தரவு மையங்கள் எழுந்துவருகின்றன. அதற்கேற்ப இக்களிம்புகளும் இரவுச் சந்தை மேசையோடு நில்லாமல் கைப்பேசித் திரைக்குள் புகுந்துவிட்டன. முன்பு விற்றவரின் முகமாவது தெரிந்திருந்தது.

பீட்டாமெத்தசோனைப் பற்றித் தனியே ஒன்று சொல்லவேண்டும். இந்த ஸ்டீராய்டு வகை மருந்து பூசிய சில நாளில் முகத்தின் சிவப்பும் பருவும் அடங்கும், தோல் பளபளக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். நிறுத்தினாலோ, அடங்கியிருந்த சிவப்பும் எரிச்சலும் முன்னினும் மிகுந்து கிளம்பும். அப்போது பூசியவர் என்ன முடிவு செய்கிறார்? நிறுத்தியதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, மறுபடியும் பூசுகிறார். விற்பவரும் தயாராக ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்: 'உள்ளே இருந்த நஞ்செல்லாம் வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.' நஞ்சு உள்ளே போகிற நேரத்தில் வெளியே போகிறது என்று சொல்லும் துணிவை என்னென்பது!

இனி, உண்மையான ஒவ்வாமைக்கு வருவோம். இங்கேனும் பழி உடம்பினதுதானா? குங்குமத்தின் கதை இதற்கு நல்ல விடை தருகிறது. தமிழர் நெற்றியைப் பற்றியதாதலின் சற்று விரிவாகவே சொல்லத்தக்கது.

ஜப்பானில் 1960-களிலும் 70-களிலும், பெண்கள் பலருக்கு முகம் சாம்பல் கலந்த கருநிறமாக மாறியது. அரிப்பு சிறிது, கருமை பெரிது. பூசுமாவால் அதனை மறைக்க முயன்றனர். மறைக்கப் பூசியதே மேலும் கறுக்கச் செய்தது. நெடுநாள் இதற்குக் காரணம் தெரியவில்லை. உடற்கூறு என்றும், உட்சுரப்பு என்றும் பலவாறு கூறினர். ஒட்டுச்சோதனை செய்து பார்த்த தோல்மருத்துவர்கள், ஒப்பனைப் பொருளில் கலந்த சில சாயங்களும் மணப்பொருள்களுமே காரணம் எனக் கண்டனர். பிரில்லியண்ட் லேக் ரெட் ஆர் என்னும் சிவப்புச் சாயமும், அதனுள் மாசாகக் கலந்திருந்த சூடான் 1 என்பதும் அவற்றுள் தலையாயவை. ஒசாக்கா நகரில் பாதிக்கப்பட்ட பெண்கள் 1977-இல் உற்பத்தியாளர்கள்மேல் வழக்குத் தொடுத்தனர். 1981-இல் அது உடன்பாட்டில் முடிந்தது. இதற்கிடையில் உற்பத்தியாளர்கள் அச்சாயங்களையும் மணப்பொருள்களையும் விலக்கினர். அதன்பின் புதிய நோயாளிகள் வருவது பெரிதும் குறைந்துபோயிற்று. இதை ஊன்றி நோக்குக. ஜப்பானியப் பெண்களின் தோலை எவரும் மாற்றவில்லை. மாறியது சாயம் ஒன்றே.

சாயத்தைப் பற்றி 1979-இல் எழுதிய ஜப்பானிய மருத்துவர்களுள் கோசுகா என்பவர் ஒருவர். அவர் சிங்கப்பூர்த் தோல்மருத்துவர் கோ என்பவரோடு சேர்ந்து 1986-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அதன் பொருள் குங்குமம். நெற்றி கறுத்துப்போன இந்தியப் பெண்களை ஆராய்ந்தபோது, ஒசாக்காவில் பிடிபட்ட அதே பிரில்லியண்ட் லேக் ரெட் ஆர், அதே சூடான் 1 ஆகியவை குங்குமத்துக்குள்ளும் இருக்கக் கண்டனர். செடெனாக்கிலிருந்து சிங்கப்பூர் ஒரு பகல் போய்வரும் தொலைவு. ஆயினும் 'குங்குமம் வைத்து வைத்து நெற்றி காய்த்துவிட்டது' என்று சொல்லும் பாட்டிமாருக்கு இச்செய்தி போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. காய்த்தது என்னும் சொல்லும் பழியைக் காலத்தின்மேல் போடுகிறதே அன்றிச் சாயத்தின்மேல் போடவில்லை.

பழைய குங்குமம் மஞ்சளில் பிறந்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பும் வெண்காரமும் சேர்த்து வீட்டிலேயே அதனைச் செய்தனர். ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பதைக் கண்ட குழந்தைக்கு இந்த வேதியியலைத் தனியே கற்பிக்க வேண்டுவதில்லை. அக்குங்குமம் இரத்தச் சிவப்பாக இராது; நாள்பட்டால் நிறம் மங்கும். மங்காத குங்குமம் வேண்டுமென்று மக்கள் விரும்பினர். மாவில் செயற்கைச் சாயம் ஏற்றி வணிகர் கொடுத்தனர். மஞ்சளும் சிலருக்கு அரிப்புத் தருவதுண்டு. பழையதெல்லாம் தீதற்றது என்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. ஆனால் 'குங்குமம்' என்னும் பெயர் மாறாமல் இருக்க, உள்ளிருக்கும் பொருள் முழுவதும் மாறிப்போனது. வாங்குபவர் பெயரை நம்பி வாங்குகிறார். இதே சூடான் 1 மிளகாய்த்தூளில் கலக்கப்பட்டது தெரிந்தபோது 2003-லும் 2005-லும் ஐரோப்பாவில் கடைகளிலிருந்து பண்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. நாக்குக்கு நேர்ந்தபோது எழுந்த ஆரவாரம் நெற்றிக்கு நேர்ந்தபோது எழவில்லை. வடநாட்டாரின் சிந்தூரத்தின் நிலை இன்னும் மோசம்: அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கடைகளிலும் மும்பை, புதுதில்லிக் கடைகளிலும் வாங்கிய 118 மாதிரிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர், ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதில் ஈயம் இருந்தது.

ஒட்டுப்பொட்டின் கதை சுருக்கமானது. அதன் பசையில் கலக்கும் பாராடெர்ஷியரி பியூட்டைல்ஃபீனால் என்னும் பொருள் நிறமிச் செல்களை அழிக்க வல்லது என்பதை இந்தியத் தோல்மருத்துவர்கள் 1990-இலேயே எழுதியிருக்கின்றனர். பொட்டின் அளவுக்கே, பொட்டின் வடிவிலேயே வெள்ளை விழும். அச்சடித்தாற்போல் அடையாளம் இருந்தும், அதனைப் பிறவி வெண்புள்ளி என்று எண்ணி மணப்பேச்சுக் கலைந்து போகும் சமுதாயத்தில் இது சிறு செய்தி அன்று.

மேற்கூறிய இரண்டிலும் ஒன்று தெளிவாகிறது. ஒவ்வாமை பெரும்பாலும் பிறவியோடு வருவதன்று, பழக்கத்தால் வருவது. இருபதாண்டு குங்குமம் வைத்த நெற்றி இருபத்தோராம் ஆண்டில் கறுக்கிறது. இருபதாண்டு ஒத்துக்கொண்டதுதானே என்று பலர் குங்குமத்தை விடுவிக்கின்றனர். இருபதாண்டு பழகியதால்தான் வந்தது என்பதே உண்மைக்கு நெருங்கியது. தலைச்சாயத்தில் உள்ள பாராஃபெனிலீன்டையமினும் இப்படியே. முதன்முறை ஒன்றும் செய்யாது. உடம்புக்குத் தன்னை அடையாளம் காட்டிவிட்டுப் போகும். பிறகு ஒருநாள், முந்திய தீபாவளிக்குப் பூசிய அதே சாயமே முகத்தை வீங்கச் செய்யும்.

இச்சாயம் கலந்த இமைமை ஒன்று 1933-இல் அமெரிக்கப் பெண்கள் சிலரின் கண்ணைக் கெடுத்தது. ஒருவர் பார்வையையே இழந்தார். அந்நாட்டின் 1906-ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே தழுவியது. ஒப்பனைப் பொருளைத் தொடவில்லை. 1938-இல் புதுச் சட்டம் வந்தது. அதிலும் தலைச்சாயத்துக்கு ஒரு விலக்கு கிடைத்தது: எச்சரிக்கையும், முன்கூட்டித் தோலில் சோதிக்கும் முறையும் அச்சிட்டிருந்தால் போதும். இன்றும் சாயப் பெட்டிகளில் பொடி எழுத்தில் காணும் '48 மணி நேரத்துக்கு முன் கையில் தடவிப் பார்க்கவும்' என்னும் வாக்கியத்தின் பின்னணி இதுவே. அவ்வாறு தடவிப் பார்ப்பது நல்லதே, பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் வாங்கியவரையே ஆய்வுக்கூடமாக்கிவிட்டு, 'முன்பே சொன்னோமே' என்று ஒதுங்கிக்கொள்ளும் வாக்கியம் அது என்பதையும் மறக்கலாகாது. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவருக்கு அப்பொடி எழுத்து சொல்லவும் இல்லை.

சட்டப்படி நடந்த நிறுவனத்தின் பொருளால் தீங்கு வராது என்று கருதுவோரும் உளர். ஜப்பானின் புகழ்பெற்ற கானெபோ நிறுவனம் ரோடோடென்ட்ரால் என்னும் பொருளை அரசின் ஒப்புதல் பெற்றே வெளுப்புக் களிம்புகளில் சேர்த்து விற்றது. பூசியவர்களின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் திட்டுத்திட்டாக நிறம் போயிற்று. 2013 ஜூலையில் அந்நிறுவனம் 54 பொருள்களைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டோர் 19,000-க்கும் மேற்பட்டவர். பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த செய்திதான் இங்கு வேண்டுவது. 2011-இலேயே முறையீடு வந்திருக்கிறது. அதனைக் கேட்டவர்கள், வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே உள்ள நோய் என்று எண்ணிக் கணக்கில் சேர்க்காமல் விட்டனர். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்னும் நினைப்பு பாதிக்கப்பட்டவர் வாயிலிருந்து மட்டும் வருவதன்று. முறையீட்டைக் கேட்பவர் காதிலும் அது அடைப்பாக இருக்கிறது. அந்த அடைப்பின் விலை ஏறத்தாழ இரண்டாண்டு.

இத்தனைக்கும் காரணம் பெண்களின் அழகு ஆசையே என்று கூறி முடித்துவிடும் ஆண்மக்கள் மிகுதி. இது பழியை உடம்பிலிருந்து எடுத்து மனத்தின்மேல் வைப்பதே அன்றி வேறில்லை. வெளுத்த நிறமே அழகு என்பது தமிழரின் பழைய கொள்கையும் அன்று. சங்கப் பாடல்களின் தலைவி மாமை நிறத்தாள். மாந்தளிருக்கு அவள் மேனியை ஒப்பிட்டனர். அவள் மேனி வெளிறுவது பிரிவுத் துயரால். அதற்குப் பசலை என்று பெயர். பீர்க்கம்பூவின் நிறத்தை அதற்கு உவமை கூறினர். திருக்குறள் பசப்புக்கென்றே 119-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. அது துன்பத்தைப் பாடும் அதிகாரம். முன்னோர் நோயின் அடையாளமாகக் கண்ட வெளிறலை இன்று விலைகொடுத்து வாங்குகின்றனர் என்றால், அந்த ஆசையை ஊட்டியவர் யார் என்று மணப்பெண் விளம்பரங்களையும் வேலைக்கு ஆள் தெரியும் முறையையும் கேட்கவேண்டும். முகத்துக்குக் களிம்பு வாங்கும் பதினேழு வயதுப் பெண்ணை மட்டும் கேட்பது நேர்மையாகாது.

மலேசியாவின் நிலை என்ன? 1984-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் இங்கு நடைமுறையில் உள்ளன. ஆசியான் நாடுகளின் உடன்பாட்டையொட்டி 2008 முதல் அறிவிப்பு முறை வந்தது. பொருளை விற்பவர் அதன் உள்ளடக்கத்தை அறிவித்து, என், ஓ, டி என்னும் மூன்றெழுத்தில் தொடங்கும் எண் ஒன்றைப் பெறவேண்டும். பொருள் தீங்கற்றது என்பதற்குப் பொறுப்பு அவருடையதே. அந்த எண்ணை 'அரசு சோதித்து நன்றெனச் சொன்னது' என்று விற்பவரும் வாங்குபவரும் கொள்வது பெரும்பிழை. அரசின் சோதனை பெரிதும் பொருள் சந்தைக்கு வந்தபின் நடப்பது. தடைசெய்த பொருளை விற்கும் தனியாளுக்கு முதற்குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. உயிருக்கு ஊறு செய்யும் விளைவைத் தாம் அறிந்தால், ஏழு நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆசியான் வழிகாட்டி கூறுகிறது. விதிகளில் பெரிய குறை காண்பதற்கில்லை. ஆனால் 'அறிந்தால்' என்னும் சொல்லில் எல்லாம் தொங்குகிறது. யாரும் சொல்லாவிடில் யாரும் அறியார்.

உலக அளவிலும் நெறி கடுமையாகி வருகிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள ஒப்பனைப் பொருள்களை 2020-க்குப் பின் செய்யலாகாது என்றது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, பாதரசம் சேர்த்த எதுவுமே கூடாதென அவ்வரம்பையும் நீக்க முடிவு செய்தது. எனினும் பெட்டியில் பாதரசம் என்று எழுதி விற்பவர் எவரும் இலர்.

ஆகவே முறையீடு செய்யும் வழக்கம் வரவேண்டுமானால், முதலில் சொல் திருந்தவேண்டும். எரிந்தால் எரிந்தது என்க. வீங்கினால் வீங்கியது என்க. வெளுத்த இடம் எது, கறுத்த இடம் எது, எத்தனை நாள் பூசியபின் என்று சொல்க. எதைப் பூசினேன் என்பதற்குச் சான்றாகக் குப்பியையும் பெட்டியையும் எறியாமல் வைத்திருக்கவேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் வாங்கிய இடமும் நாளும் வேண்டும். கூலாய் அரசு மருத்துவமனையின் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ குப்பியோடு சென்று காட்டலாம். பயனீட்டாளர் தாமே என்.பி.ஆர்.ஏ.வுக்கு எழுதவும் படிவம் உண்டு. அப்பிரிவின் இணையத்தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், தோட்டத்திலும் பட்டணத்துப் புறநகரிலும் படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு இதில் துணை நிற்கவேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டாக இத்துறையில் எச்சரித்து வருகிறது. அதன் குரலுக்கு வலுச் சேர்ப்பவை இத்தகைய தனித்தனி முறையீடுகளே.

ஒரு பொருள்தான் தீங்கு செய்தது என்று உறுதிப்படுத்த மருத்துவர்கள் சிறப்பாகக் கேட்கும் வினாக்கள் இரண்டு: நிறுத்தியதும் குறைந்ததா? மீண்டும் பூசியதும் வந்ததா? இரண்டாவதற்கு விடை காண்பதற்கென்றே எவரும் மறுபடி பூசலாகாது. அது இடர் தரும். ஆனால் பெரும்பாலோர் தெரியாமலே பூசிப் பார்த்திருப்பர். 'ஒரு வாரம் விட்டேன், அடங்கியது. பாக்கி இருக்கிறதே என்று மறுபடியும் எடுத்துப் பூசினேன், திரும்பவும் வந்துவிட்டது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று அடுப்படியில் ஒருத்தி சொல்லும்போது, அவ்விரு வினாக்களுக்கும் விடை அவள் வாயிலேயே இருக்கிறது. படிவத்தில் எழுதவேண்டியது அவள் சொன்ன முதல் இரண்டு வாக்கியங்களே, மூன்றாவதை விட்டுவிடலாம்.